தார்ப்பாயின் கீழே மூன்று நாள்

விடுமுறை இல்லம் கோரி ஊழியர் அளிக்கும் மனுவுக்கு, அது கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், இடம் உண்டு அல்லது இல்லை என்று எழுத்து மூலம் பதில் அளிக்கப்பட வேண்டும். விதி அப்படித்தான் சொன்னது. ‘வேண்டும்’ என்று முடிகிற விதிகளோடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: ‘அளிக்கலாம்’ என்று முடிகிற விதியைக் காட்டினால் சில அதிகாரிகள் பெருந்தன்மையோடு ஏதாவது செய்வார்கள். ‘வேண்டும்’ என்று முடிகிற விதிக்கு யாரும் நாற்காலியை விட்டு அசைந்து நான் பார்த்ததில்லை.

இந்த விதி இப்போது நினைவுக்கு வரக் காரணம், தாணேயில் இருக்கும் என் தங்கை. தங்கை என்றால் சித்தி மகள். அவளுக்கு அடுத்த மாதம் பிறந்த நாள். ஏரிக்கரையில் டென்ட் எடுத்திருக்கிறாளாம், செம்பூரிலிருந்து என்னை அழைத்துப் போகக் கார் வருமாம். “ஓட்டல்ல ஒரு நாள் ரூம் போடுற செலவுல இங்க எல்லாருமா ரெண்டு நாள் இருக்கலாம் அண்ணா” என்றாள். டென்ட்காரர்களின் நிபந்தனைகளையும் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தாள். மொத்தம் பதினேழு. மழை பெய்தால் பணம் திருப்பித் தரப்படாது என்பது ஒன்பதாவது. அவற்றை முழுக்கப் படித்த முதல் வாடிக்கையாளன் நானாகத்தான் இருப்பேன்.

ஊரை ஒட்டிக் கூடாரம் போட்டுத் தங்குவது ஓட்டலைவிட மலிவு என்று இப்போது கண்டுபிடித்திருப்பவர்களுக்கு வாழ்த்துகள். என் அப்பா அதை நான் நான்காம் வகுப்பு முடித்த மே மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

அப்போது நாங்கள் தாராவியில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை கொண்ட வீட்டில் இருந்தோம். அப்பா கோட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர். வருகிற கடிதம் ஒவ்வொன்றிலும் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தித் தேதி போடுவது அவர் வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் சரி, என் மதிப்பெண் அட்டை வந்தாலும் சரி, மூலையில் பேனாவால் ‘பெறப்பட்டது’ என்று எழுதித் தேதி போட்ட பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்.

வீட்டில் அப்பா, அம்மா, என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா, நான், லேத் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா. அந்த ஆண்டு பங்குனி தொடக்கத்தில் சித்தப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணமாகி, ஆறாவது ஆளாகச் சித்தி வந்து சேர்ந்தாள். அவள் வந்த அன்று அம்மா தன் பழைய புடவை ஒன்றை அறையின் குறுக்கே கயிற்றில் கட்டிவிட்டாள். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர். அது எனக்குப் பிடித்த ஏற்பாடு. புடவைக்கு அடியில் தலையை நீட்டிச் சித்தியிடம் விடுகதை கேட்பேன். அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள். தூக்கம் வரும்வரை கேட்பேன். எனக்குத் தூக்கம் சீக்கிரம் வராது.

இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அன்று விளக்கியிருந்தாலும் புரிந்திருக்காது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சித்திக்கு பம்பாய் பிடிக்கவில்லை. குழாயடியில் நின்று அழுதாள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக ஆள் வரும். அப்படிப் போனால் திரும்பி வரப்போவதில்லை என்று அம்மாவிடம் அவள் சொன்னதை நான் கேட்டேன். “ஒரு வார்த்தை பேச முடியலக்கா. அவரு மூஞ்சியக்கூட நான் இன்னும் நேராப் பாக்கல” என்றாள். ஆறு பேர் இருக்கும் அறையில் மூஞ்சியைப் பார்ப்பதில் என்ன கஷ்டம் என்று நான் யோசித்தேன். எங்கே திரும்பினாலும் யாருடைய மூஞ்சியாவதுதானே தென்பட்டது.

அப்பா முதலில் மாட்டுங்காவில் ஒரு லாட்ஜில் விசாரித்திருக்கிறார். தம்பியும் தம்பி மனைவியும் தங்க வேண்டும் என்றதும் மேனேஜர் விலாசம் கேட்டார். தாராவி என்றதும், நடக்கிற தூரத்தில் வீடு இருக்கும்போது ரூம் எதற்கு என்று கேட்டார். அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. வாடகையைக் கேட்ட பிறகு பதில் தேவைப்படவும் இல்லை. சித்தப்பாவோ, லாட்ஜுக்குப் போனோம் என்று மாமனார் காதில் விழுந்தால் ரயிலேறி வந்து வெட்டுவார் என்றாராம். இதெல்லாம் வெகுநாள் கழித்து அக்கா சொல்லித் தெரிந்தது.

பிறகுதான் அப்பா மனு எழுதினார். மாத்தேரான் மலைமேல் ஊழியர்களுக்கான விடுமுறை இல்லம் ஒன்று இருந்தது. பதினோரு வருட சேவையில் தாம் ஒரு முறையும் அதைப் பயன்படுத்தவில்லை என்றும், தம் உரிமையை இவ்வாண்டு தம் தம்பியும் அவர் மனைவியும் மூன்று நாள் அனுபவிக்க அனுமதிக்க வேண்டும் என்றும் இரண்டு பிரதிகளில் எழுதி, மே முதல் வாரத்தில் அனுப்பினார். அதே விதிகளில் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்கு ஒரு வரையறை உண்டு. மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு, சார்ந்திருக்கும் பெற்றோர் உண்டு. சம்பாதிக்கிற தம்பி கிடையாது. அப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. தெரிந்தே எழுதினார். அவர் எழுதிய ஒரே நியாயமில்லாத மனு அதுவாகத்தான் இருக்கும்.

பதினைந்து நாள் காத்திருந்தார். பதினாறாம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், சனிக்கிழமை காலை நாம் கேம்புக்குப் போகிறோம் என்று அறிவித்தார். அவர்களை வெளியே அனுப்ப முடியாவிட்டால் நாம் வெளியே போவது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். எனக்குத் தெரிவிக்கப்பட்டது வேறு: ஐரோலியில், கழிமுகத்தை ஒட்டிய ஒரு மாந்தோப்பில், கூடாரம் போட்டு மூன்று நாள். உடம்புக்கு நல்ல காற்று. ஓட்டலுக்கெல்லாம் பணக்காரர்கள்தான் போவார்கள், வெள்ளைக்காரர்களே கூடாரத்தில்தான் தங்குவார்கள் என்றும் சொன்னார்.

கூடாரம் என்பது ராவுத்தருடைய தார்ப்பாய். ராவுத்தர் எங்கள் சந்து முனையில் தோல் பட்டறை வைத்திருந்தவர், எங்கள் மாவட்டத்துக்காரர். அவருடைய லாரி சனிக்கிழமை பேலாப்பூர் சாலை வழியாகப் போகும். போகிற வழியில் எங்களை இறக்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை ஏற்றிக்கொண்டு வரும். தோப்பின் காவல்காரர் அவருக்குத் தெரிந்தவர். தார்ப்பாயில் தோல் நாற்றம் மட்டும் கொஞ்சம் இருக்கும் என்று எச்சரித்தார். அவருடைய ‘கொஞ்சம்’ எப்படிப்பட்டது என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

எனக்கு ஒரே குறை. சித்தியும் சித்தப்பாவும் வரவில்லை. காரணம் கேட்டேன். பூட்டு கெட்டுப்போயிருக்கிறது, வீட்டுக்குக் காவல் வேண்டும் என்றார் அப்பா.

இங்கேதான் என் பிற்கால உத்தியோகத்தின் முதல் அறிகுறி தென்பட்டது. ஆட்சேபம் எழுப்பப்பட்டால் அந்த ஆட்சேபத்தைத் தீர்க்க வேண்டும். தீர்த்துவிட்டால் மனு ஏற்கப்பட்டாக வேண்டும். நான் நேரே ராவுத்தர் பட்டறைக்குப் போனேன். எங்கள் பூட்டு கெட்டுவிட்டது, ஒன்று வேண்டும் என்றேன். அவர் கணக்குப்பிள்ளையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னைச் சரியாகப் பார்க்காமலேயே, கிடங்கில் தொங்கிய ஒரு பித்தளைப் பூட்டைச் சாவியோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். பிறகு நான் பக்கத்து வீட்டு அத்தையிடம் போய், மூன்று நாள் காலை எங்கள் குடங்களுக்கும் சேர்த்துக் குழாயில் தண்ணீர் பிடித்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அடுத்த ஆட்சேபம் தண்ணீராகத்தான் இருக்கும் என்று ஊகித்திருந்தேன். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “ஏன், உங்க சித்தியும் வாராளா?” என்றாள். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை காலை. லாரி சந்து முனையில் நிற்கிறது. முன்னால் ராவுத்தர். பாத்திர மூட்டை, அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் ஏறிவிட்டன. வழியனுப்ப அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நான் டவுசர் பையிலிருந்து பூட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன்.

“பூட்டு வந்துட்டுப்பா. இனி சித்தப்பாவும் சித்தியும் வரலாம்லா?”

அப்பா பூட்டைப் பார்த்தார். ராவுத்தரும் பார்த்தார். அது தம் பூட்டு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“தண்ணி பிடிக்கணுமேல” என்றார் அப்பா.

“அத்தை பிடிச்சு வைக்காவளாம். கேட்டுட்டேன்.”

அக்கா சிரித்தாள். அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். பக்கத்து வீட்டு அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அவள் திரும்பியதைப் பார்த்து மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதுவரை எங்கள் கேம்பைக் காற்று வாங்கும் பயணம் என்றே சந்து நம்பியிருந்தது. ஒரு பூட்டைத் தூக்கிக் காட்டி உண்மையை நான் அறிவித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது.

சித்தி வாசலில் நின்றிருந்தாள். முகம் சிவந்துபோயிருந்தது. சட்டென்று உள்ளே போனவள், ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். “நானும் வாரேன்க்கா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு லாரியை நோக்கி நடந்தாள். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கையை நீட்டினாள், ஆனால் பிடிக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் எந்தக் காரணத்தைச் சொல்லிப் பிடிப்பது? அப்பாவிடம் இரண்டு காரணங்கள்தான் இருந்தன. இரண்டையும் நான் தீர்த்துவிட்டேன்.

எனக்கு வெற்றி. சித்தி ஏறுவதற்காக மூட்டையை நகர்த்தி இடம் செய்தேன்.

அப்போது ராவுத்தர் குறுக்கே வந்து லாரியின் பின்பலகையைத் தூக்கிச் சாத்தினார்.

“தம்பி, லாரியில நாலு பேருக்குத்தான் பர்மிட்டு. அஞ்சாவது ஆளு ஏறுனா தாணே நாக்காவுல போலீஸ்காரன் வண்டியப் பிடிச்சு வச்சுக்கிடுவான். ரூல் இருக்கு.”

பிறகு சித்தியைப் பார்க்காமல் சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “பையை உள்ள கொண்டு வையி. வண்டிக்கு நேரமாகுது.”

ரூல் என்ற சொல்லைக் கேட்டதும் நான் அடங்கிவிட்டேன். ஆட்சேபங்களைத் தீர்க்கலாம். விதியை என்ன செய்ய முடியும்? ஆனால் பூட்டை வைத்துக்கொண்டு எனக்கு வேலை இல்லை என்பதால் அதைச் சித்தப்பாவிடம் கொடுத்து, ராத்திரி மறக்காமல் போடும்படி சொல்லிவிட்டு வந்தேன். பல வருடம் கழித்து, அலுவலக நூலகத்தில் ஓர் ஓய்ந்த மதியத்தில், மோட்டார் வாகன விதிகளை எடுத்துப் பார்த்தேன். தோல் ஏற்றும் லாரியில் எங்களைப்போல ஒருவரைக்கூட ஏற்றக் கூடாது. ராவுத்தர் சொன்ன விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் பார்த்த விதிகளிலேயே நல்ல விதி அதுதான்.

அப்போது ஐரோலிக்குப் பாலம் கிடையாது. தாணே சுற்றித்தான் போக வேண்டும். இன்று அங்கே கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அன்று வயல்களும் உப்புக் காற்றும் கொக்குகளும் இருந்தன. இரண்டு மாமரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, தார்ப்பாயைப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்தோம். அப்பா அன்றாட நிகழ்ச்சி நிரல் ஒன்றை எழுதி மரத்தில் குத்தினார். காலை ஆறு: எழுதல். ஆறே கால்: காற்று வாங்குதல். உள்ளே தோல் நாற்றத்தில் மூச்சுவிட முடியாததால் காற்று வாங்குவதை நாங்கள் நாள் முழுவதும் செய்தோம். மூன்று கல் வைத்து அம்மா சோறு பொங்கினாள். கொண்டுபோன அடுப்பை அவள் தொடவே இல்லை. அவள் கை வீசி நடந்து அன்றுதான் பார்த்தேன். எங்கள் அறையில் கை வீசினால் யார்மேலாவது படும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மழை பிடித்தது. மே கடைசியில் சில வருடம் இப்படி ஒரு மழை வந்து ஏமாற்றிவிட்டுப் போகும். கல்லும் கயிறும் நிற்கவில்லை. தார்ப்பாய் ஒரு பக்கம் சரிந்து, அதில் தேங்கிய தண்ணீர் மொத்தமும் அரிசி மூட்டைமேல் கொட்டியது. நானும் அக்காவும் மாமரத்தடிக்கு ஓடினோம். அப்பா தோப்பில் கிடந்த ஒரு மூங்கிலைத் தார்ப்பாய்க்கு முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி வழியாகத் தண்ணீர் வடிந்தது. காவல்காரர் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, வீடு இருக்கும்போது இங்கே ஏன் நனைகிறீர்கள் என்று மராத்தியில் கேட்டார். லாட்ஜ் மேனேஜர் கேட்ட அதே கேள்வி.

அந்த நேரம் பார்த்து சாலையில் ராவுத்தரின் இன்னொரு லாரி வந்து நின்றது. சரக்கை இறக்கிவிட்டுத் தாராவிக்குக் காலியாகத் திரும்புகிறது. எங்களை அடையாளம் கண்டுகொண்ட டிரைவர் கீழே இறங்கி, ஏறுங்கள், ஏழு மணிக்குள் வீட்டில் இருக்கலாம் என்றார். நானும் அக்காவும் லாரியை நோக்கி ஓடினோம். எனக்கு வீடு வேண்டும், காய்ந்த பாய் வேண்டும், சித்தியிடம் மழைக் கதையைச் சொல்ல வேண்டும். நான் கத்தி அழுதேன் என்று அக்கா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

அப்பா மூங்கிலை விடவில்லை. “லீவு செவ்வாய்க்கிழமை வரைக்கும் போட்டிருக்கு” என்றார், அலுவலகத்தில் பேசுவதுபோல. ஆனால் அவர் பார்த்தது அம்மாவை. நனைந்த அரிசியும் நடுங்குகிற பிள்ளைகளும் அவள் பொறுப்பு. அவள் போகலாம் என்றால் அவரால் தடுக்க முடியாது.

அம்மா புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். அவளுக்குக் கல்யாணமான புதிதில் அதே அறையில், ஊரிலிருந்து வேலை தேடி வந்தவர்களையும் சேர்த்து ஒன்பது பேர் இருந்தார்களாம். அதை அவள் சொன்னது வெகுநாள் கழித்து. அன்று சொன்னது இவ்வளவுதான், அதுவும் எங்களிடம் அல்ல, அப்பாவிடம்:

“நமக்காவ யாரு இப்படி நனைஞ்சா? இருப்போம்.”

டிரைவர் போய்விட்டார். நான் லாரியின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்தேன். மழை ஒரு மணி நேரத்தில் நின்றது. அன்று அவலும் வெல்லமும் தின்றோம். காவல்காரர் தம் மாட்டுத் தொழுவத்தில் இடம் கொடுத்தார். தார்ப்பாயோடு ஒப்பிட்டால் அங்கே நறுமணம். மறுநாள் முழுவதும் ஈர அரிசியைப் பாறைமேல் காயவைத்து, காக்கை கொத்தாமல் நானும் அக்காவும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. அப்பா மரத்தில் இருந்த காகிதத்தை எடுத்து, பேனாவால் ‘அரிசி காத்தல்’ என்று முறைப்படி சேர்த்து மறுபடி குத்தினார்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தோம். கதவு உள்ளே சாத்தியிருந்தது. எங்கள் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அன்று தட்டிய பிறகுதான் திறந்தது. திறந்ததும் நான் முதலில் பார்த்தது என் பூட்டை. கதவின் உள்பக்கம் புதிதாக இரண்டு வளையம் அடித்து, அதில் அது தொங்கிக்கொண்டிருந்தது. லேத் வேலை தெரிந்த மனிதர் இப்படிச் செய்யலாமா என்று எனக்கு ஆத்திரம்.

“பூட்டை வெளிய போடணும் சித்தப்பா. உள்ள போட்டா எப்படித் திருடன் பயப்படுவான்?”

“அப்படியால? எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார் சித்தப்பா.

சித்தி சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் செய்து வைத்திருந்தாள். நான் கழிமுகத்தில் பொறுக்கிய சிப்பியை அவளிடம் கொடுத்து, மூன்று நாளும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாயே, பாவம் என்றேன். “ஆமால, பாவந்தான்” என்று சொல்லி எனக்கு மட்டும் இரண்டாவது முறை பாயசம் ஊற்றினாள். அப்பா அவளைப் பார்க்காமல் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். கையில் மூங்கில் பிடித்த காயம் இருந்தது. அம்மா அன்று குறுக்கே கட்டியிருந்த பழைய புடவையை எடுத்துவிட்டு, கொஞ்சம் கனமான வேறொன்றைக் கட்டினாள். புடவைக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது என்று எனக்கு உத்தரவு பிறந்தது. காரணம் கேட்டேன். ரூல் என்றாள்.

ஆடியில் அழைத்துப்போக ஆள் வந்தது. சித்தி போனாள். ஆவணி பிறந்து மூன்றாம் நாள், அவள் அண்ணன் துணையோடு, தானே கேட்டுத் திரும்பி வந்தாள். கொஞ்சம் வாந்தி எடுத்தாள். ரயில் சாப்பாடு என்றார்கள், நம்பினேன். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி மறுபடி ஊருக்கு அனுப்பினார்கள்.

பிறகு ஒரு நாள் காலை, நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, ஊரிலிருந்து தந்தி வந்தது: பெண் குழந்தை, இருவரும் நலம். அப்பா அதன் மூலையில் எழுத வேண்டியதை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போனார். மாலையில் இன்னொரு காகிதத்தோடு வந்தார். அன்றைய தபாலில் அவருடைய மேஜைக்கே வந்திருந்தது. விடுமுறை இல்லம் கோரிய மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டதாகவும், தம்பியும் அவர் மனைவியும் குடும்பம் என்ற வரையறைக்குள் வராததால் அதை ஏற்க இயலவில்லை என்றும் அதில் இருந்தது.

நிராகரித்துவிட்டார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவிடம் படித்துக் காட்டி மறுபடி சிரித்தார். பிறகு தந்தியையும் அந்தக் கடிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே குண்டூசியால் குத்தினார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காகிதங்களை ஒரே கோப்பில் வைக்கக் கூடாது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அதை நினைவுபடுத்தினேன்.

“ஒரே விஷயந்தாம்ல” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கும் தவறு நேரும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு காகிதங்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. குண்டூசி துருப்பிடித்துவிட்டது, மாற்ற மனம் வரவில்லை. இந்த முறை அவற்றை ஏரிக்கரைக்கு எடுத்துப்போய், டென்ட்டில் வைத்துத் தங்கையிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். இரண்டின் மூலையிலும் ஒரே கையெழுத்து, ஒரே மை: பெறப்பட்டது, பிப்ரவரி பதினெட்டு.